எக்ஸ்.எச்.பி. என்கிற வல்வில் ஓரி

கொல்லிமலைக்கு ராஜாவாக இருந்த ஓரி ஒரே ஒரு அம்பை விட்டான். அது முதலில் யானையைத் துளைத்தது. யானை போதாதென்று பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்த புலி. புலிக்கு அப்பால் மான். மானுக்கு அப்பால் காட்டுப்பன்றி. கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நின்றது. ஐந்து ஜீவன்களும் பள்ளிக்கூடப் பிரேயருக்கு நிற்பதுபோல உயர வரிசை தவறாமல் எதற்கு நின்றன என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை. சாட்சி சொன்னவர் வன்பரணர். பரிசு வாங்கிய சாட்சி. புறநானூற்றில் 152-ஆவது பாட்டு.

பாட்டின் காட்சி இதுதான். பாணர் கூட்டம் ஒன்று முழவு, யாழ், பதலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு காட்டுவழியே வருகிறது. எதிரே ஒரு வேட்டைக்காரர். ஆள் கறி விற்றுப் பிழைக்கிறவர் மாதிரித் தெரியவில்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. ஓரியாக இருக்குமோ, இருக்காதோ என்று கூட்டத்துக்குள் குசுகுசுப்பு. எதற்கும் பாடிவைப்போம் என்று இருபத்தொரு துறையையும் பாடி முடித்து, ‘கோ’ என்று விளித்திருக்கிறார்கள். ராஜா என்றதும் மனிதர் கூசிப் போனார். பேரைக்கூடச் சொல்லவில்லை. மான்கறியும், உருக்கிய நெய் மாதிரி இருந்த மதுவும், மலையில் கிடைத்த பொன்னும் மணியும் அந்தக் காட்டிலேயே கையில் கொடுத்து அனுப்பினார். விண்ணப்பப் படிவம் இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை, "அடுத்த வாரம் வாங்க, ஐயா லீவு" இல்லை.

அடுத்த பாட்டில் அதே வன்பரணர் இன்னொரு தகவல் தருகிறார். ஓரியிடம் போன கூத்தர்களுக்குக் குளத்தில் பூக்காத குவளை கிடைத்தது. அதாவது நகைக்கடைக் குவளை. அணிகலன்கள் கிடைத்தன. யானைகளும் கிடைத்தன. வயிறு நிறைந்தது. நிறைந்ததும் ஆட மனம் வரவில்லை, பாட்டும் மறந்துபோனது. கலையைக் காப்பாற்ற ஒதுக்கிய நிதி கலையையே தூங்கப் போட்ட முதல் சம்பவமாக இதைப் பதிவு செய்துகொள்ளலாம். பிற்காலத்தில் எத்தனையோ திட்டங்கள் இதே பாதையில் போயிருக்கின்றன. அவற்றில் யானை தரவில்லை, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் யோகம் அடித்துவிடவில்லை. கழைதின் யானையார் என்று ஒரு புலவர். மூங்கில் தின்கிற யானை என்ற பேரை வைத்துக்கொண்டு ஓரியிடம் வந்தவருக்கு என்ன கிடைத்ததோ, 204-ஆவது பாட்டில் சுருதி மாறுகிறது. கொடு என்று கேட்பது கேவலம், கொடுக்க மாட்டேன் என்பது அதைவிடக் கேவலம் என்று ஆரம்பித்து, உன்னை நான் குறை சொல்லமாட்டேன், நான் புறப்பட்ட நேரமும் சகுனமும் சரியில்லை என்று முடிக்கிறார். குறை சொல்லாமலே குறை சொல்கிற இந்தக் கலையில் தமிழனை மிஞ்ச ஆளில்லை. இந்தப் பாட்டையும் யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம். பாராட்டுக் கடிதங்களை மட்டும் எடுத்துவைத்துப் புகார்க் கடிதத்தைக் கிழித்துப் போடுகிற வழக்கம் அன்று இல்லை.

இனி குதிரைகளுக்கு வருவோம். ஓரியின் எதிரி மலையமான் திருமுடிக்காரி. காரியின் குதிரைக்குப் பேர் காரி. ஓரியின் குதிரைக்குப் பேர் ஓரி. சிறுபாணாற்றுப்படையில் இது இருக்கிறது, நான் கட்டிவிட்டதல்ல. ஆகவே போர்க்களத்தில் ஓரியின் மேல் ஏறிய ஓரியும் காரியின் மேல் ஏறிய காரியும் மோதினார்கள். "ஓரி விழுந்தான்" என்று ஒற்றன் ஓடிவந்து சொன்னால், எந்த ஓரி என்று கேட்காமல் ஒப்பாரி வைக்க முடியாது. இரண்டு பேரும் கடையெழு வள்ளல்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது இதில் இன்னும் விசேஷம். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, கைக்கு வந்த கொல்லிமலையைத் தான் வைத்துக்கொள்ளாமல் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூறு 209-இல் கல்லாடனார் சொல்கிறார். அடுத்தவன் மலையை எடுத்துத் தானம் செய்தாலும் வள்ளல்தான். விதிமுறையில் தடை ஏதும் இல்லை.

மலை கைமாறியதும் புலவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முகவரியை மாற்றினார்கள். குறுந்தொகை 100-இல் கபிலர் பாடும்போது அது வல்வில் ஓரியின் கொல்லி. 89-இல் பரணர் பாடும்போது பொறையனின் கொல்லி. பட்டா மாறுதல் அவ்வளவு சுலபமாக முடிந்தது. கிராம நிர்வாக அலுவலகப் பக்கமே போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு பாட்டிலும் மாறாமல் இருக்கிறவள் கொல்லிப்பாவை. தெய்வம் மலையின் மேற்குப் பக்கத்தில் செய்துவைத்த பொம்மை. இடி இடித்தாலும், காற்று சுழன்றாலும், மழை அடித்தாலும், மண்ணே நடுங்கினாலும் அவள் அழகு குலையாது என்று நற்றிணை 201-இல் உத்தரவாதம் இருக்கிறது. அப்படி ஒரு சேமிப்புச் சாதனத்தை அதற்கு முன்னும் யாரும் தயாரிக்கவில்லை, பின்னும் தயாரிக்கவில்லை. அதன் தொழில்நுட்பத்தைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. இன்று மலையில் எட்டுக்கை அம்மனைக் காட்டி, இவள்தான் அந்தப் பாவை என்கிறார்கள். இருக்கட்டும். எட்டுக் கைக்காரியிடம் சான்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆக ஓரி செத்தான், மலை போயிற்று, சேரனும் போனான். மிஞ்சியது பாட்டு. அதைப் பாணர்கள் தலையில் சுமந்தார்கள், பிறகு ஓலையில் ஏற்றினார்கள், பிறகு யாரோ நானூறு பாட்டுகளைத் திரட்டிப் புறநானூறு என்று கட்டினார்கள். யார் என்று தெரியாது. தமிழனின் சரித்திரத்திலேயே பெரிய வேலையைச் செய்த ஆள் கீழே கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். இன்று ஒரு பேருந்து நிழற்குடைக்கு எத்தனை பேருடைய பேர் எழுதப்படுகிறது என்று பாருங்கள்.

ஓலையைப் பற்றி நாம் கொஞ்சம் அதிகமாகவே உருகுகிறோம். ஒரு வேலைக்கு ஓலை பிரமாதம்: எழுத்தைக் குழப்புவதற்கு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று புள்ளியே வைக்கமாட்டார்கள். குறில் எகரம், நெடில் ஏகாரம் இரண்டும் ஒன்றுதான்; ஒகரமும் ஓகாரமும் அப்படியே. போதாக்குறைக்கு ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை கிடையாது. எனவே ஏட்டில் ‘கொல்லி’ என்று இருந்தால் அதைக் கொலலி, கோலலி, கெரலலி என்று மனோதர்மப்படி வாசிக்கலாம். சரியாக வாசிக்க வேண்டுமானால் என்ன எழுதியிருக்கிறது என்பது வாசிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து இரட்டைக் கொம்பு போட்டுக் கொஞ்சம் சரிசெய்தார். புராதனத் தமிழுக்கு இத்தாலியிலிருந்து வந்த முதல் மென்பொருள் திருத்தம்.

மஞ்சள் பூசு, வசம்பு வை, மை தடவு என்று எத்தனை கைவைத்தியம் செய்தாலும் ஓலைக்கு ஆயுள் சில நூறு வருஷம். அதற்குள் அடுத்த ஓலையில் படி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் செல் அரிக்கும். இல்லையென்றால் இராமபாணப் பூச்சி வரும். பேர் பொருத்தமான பேர். ஓரியின் அம்பு ஐந்து மிருகத்தோடு நின்றது. இராமபாணம் சுவடியின் மேலட்டையில் நுழைந்தால் அடியட்டை வரைக்கும் ஒரே நேராக ஓட்டை போடும். ஓரியின் வீரத்தைப் பாடிய ஏட்டிலேயே அதைவிடப் பெரிய வில்லாளி வேலை செய்திருக்கிறது.

பூச்சியைக்கூட மன்னிக்கலாம், அதற்குப் படிப்பில்லை. படித்தவர்கள் செய்ததைச் சொல்லுகிறேன். உ.வே.சாமிநாதையர் பாண்டிநாட்டில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். ஏடுகள் குப்பையாகக் கிடந்தன, சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. நெய்யோடு! அழிக்கும்போதும் மரியாதை குறையவில்லை. நெல்லைப் பக்கம் இன்னொரு வீட்டில், ஆடிப்பெருக்கன்று சுவடிகளை ஆற்றோடு விட்டுவிட்டோம் என்றார்கள். சின்னத் தேர்போலக் கட்டி அதில் வைத்து விடுவது சம்பிரதாயமாம். இதையெல்லாம் ஐயரே ‘என் சரித்திரம்’ நூலில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் கொல்லிமலையில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. எந்த நாளில் தெரியுமா? ஆடி 18-ஐ ஒட்டி. ஓரியின் பாட்டை ஆற்றில் விட்டிருக்கக்கூடிய அதே நாளில் ஓரிக்கு மாலை போடுகிறோம். நாட்காட்டிக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

அந்த ஐயரே பிறவியில் ஏடு தேடியாகப் பிறந்தவர் அல்ல. 1880 அக்டோபர் 21 வரைக்கும் அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சீடர், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர், அந்தாதி, உலா, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று கணக்கில்லாமல் பாடம் கேட்டவர். அன்றைக்குச் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீபைப் பார்க்கப் போனார். முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் பட்டியல் போட்டார். இதனால் என்ன பிரயோஜனம் என்ற பாவனையில் முதலியார் உட்கார்ந்திருந்தார். பட்டியல் நீண்டது, முதலியார் அசையவில்லை. கடைசியில் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. மணிமேகலை? இல்லை. சிலப்பதிகாரம்? அதுவும் இல்லை. இருபத்தைந்து வயதுத் தமிழாசிரியருக்கு இதைவிடப் பெரிய அவமானம் தேவையா! அங்கிருந்து சிந்தாமணியின் படி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பியவர் 62 வருஷம் ஓயவில்லை. சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. ஒரு வேலையற்ற பேச்சில் இவ்வளவும் நடந்தது. முதலியார் சேலத்துக்காரர், அன்றைக்குக் கொல்லிமலையும் சேலம் ஜில்லா. உறவு முறை சரியாகத்தான் அமைந்திருக்கிறது.

புறநானூறு அச்சாகி வந்தபோது முழுசாக வரவில்லை. பழைய உரை 266 பாட்டோடு நின்றுபோயிற்று. அதற்கடுத்த 267, 268 இரண்டு பாட்டும் அடியோடு காணோம். எந்த அரசன் அங்கே யாருக்கு எத்தனை யானை கொடுத்தானோ, வாங்கியவர் எப்படிச் சலித்துக்கொண்டாரோ, ஹோமகுண்டத்துக்கும் தாமிரபரணிக்கும்தான் வெளிச்சம். ஓரியின் பாட்டுகள் 152, 153, 204 என்ற எண்களில் மாட்டிக்கொண்டிருந்தது அவன் அதிர்ஷ்டம். நூற்றுச் சொச்சம் எண் தள்ளிப் பிறந்திருந்தால் அம்பும் போயிருக்கும், உடும்பும் போயிருக்கும்.

அச்சுக்குப் பிறகு நாம் நிம்மதியாகத் தூங்கினோம். விழித்தபோது கம்ப்யூட்டர் வந்திருந்தது.

1980, 90-களின் தமிழ்க் கணினிச் சரித்திரத்தை எழுதப் பரணிதான் சரியான பிரபந்தம். கனடாவில் ஆதமி, மலேசியாவில் முரசு அஞ்சல், சிங்கப்பூரில் கணியன், இன்னும் மயிலை, இணைமதி, பாமினி என்று வீட்டுக்கு ஒரு எழுத்துரு. ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் குடிவைத்தது. எந்த அறையில் யார் என்பது அந்தந்த எழுத்துருக்காரருக்கே வெளிச்சம். ஒருவர் ‘அம்மா’ என்று பாமினியில் அடித்து அனுப்புவார். பாமினி இல்லாதவர் வீட்டுத் திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழும். பெற்ற தாயைப் பார்த்து இது என்ன வைரஸா என்று கேட்ட தலைமுறை நாங்கள்.

வல்வில் ஓரிக்கு இதைவிடப் பெரிய கௌரவம் காத்திருந்தது. பாமினியில் ‘ஓ’ என்பது பெரிய எக்ஸ். ‘ரி’ என்பதைப் பலரும் எப்படி அடிப்பார்கள்? காலுக்குரிய எச்சை அடித்து அதன் மேல் கொக்கிக்குரிய பி-யை மாட்டுவார்கள். பார்வைக்கு ரி மாதிரியே இருக்கும். ரகரமும் காலும் ஒன்று என்று ஓலைச்சுவடிக் காலத்தில் நடந்த அதே மோசடி, ஆயிரம் வருஷம் கழித்துக் கணினியில் மறுபிறவி எடுத்தது. ஆக, எழுத்துரு இல்லாத கணினியில் கொல்லிமலைத் தலைவனின் பேர் எக்ஸ்.எச்.பி. யானையைத் துளைத்தவன் பழைய விண்டோஸ் பதிப்பு மாதிரி ஆகிப்போனான். வன்பரணர் பார்த்திருந்தால் ‘கோ’ என்று விளித்திருக்க மாட்டார். கணினியை அணைத்துப் போட்டிருப்பார்.

இந்தக் களேபரத்தின் நடுவே சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் ஒரு மனிதர். கு.கல்யாணசுந்தரம். தொழில் வேதியியல் ஆராய்ச்சி. சாயத்தை வைத்து வெயிலை மின்சாரமாக்கும் வேலை. தமிழ் அவர் சம்பளத்தில் சேராது. மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாக விட்டவர் அவர்தான். அமெரிக்காவிலிருந்த பேராசிரியர் குமார் மல்லிகார்ச்சுனனோடு சேர்ந்து 1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போடுவது, அவ்வளவுதான் திட்டம். முன்மாதிரி அமெரிக்காவின் குட்டன்பர்க் திட்டம். 1971-இல் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தானே உட்கார்ந்து கணினியில் அடித்தார்; அதிலிருந்து வந்த ஆசை. நம் ஆட்கள் முதலில் அடித்தது திருக்குறள். அப்புறம் சங்க நூல்கள்.

யார் அடித்தார்கள்? கண்டவரும். டோக்கியோவிலும் டொரண்டோவிலும் கொழும்பிலும் கும்பகோணத்திலும் வேலைக்குப் போய்விட்டு வந்தவர்கள் ராத்திரி உட்கார்ந்து அடித்தார்கள். ஒருவர் அடிக்க, இன்னொருவர் பிழை திருத்த, மூன்றாமவர் கட்டி ஏற்ற. சங்ககாலத்தில் மதுரையில் சங்கப் பலகை என்று ஒன்று இருந்ததாம், தகுதி உள்ளவருக்குத்தான் இடம் கொடுக்குமாம். இந்த மதுரையில் பலகை யாருக்கும் இடம் கொடுத்தது, தட்டச்சுப் பலகை இருந்தால் போதும். ஓரி மாதிரி யானை தர யாரும் இல்லாததால் யாருக்கும் பாட்டு மறக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதுவும் நிம்மதியாக நடந்துவிடவில்லை. அடித்து முடித்ததும் எழுத்துக் குறிமுறை மாறும். முதலில் இணைமதி. பிறகு இணையத் தமிழர்கள் மாசக்கணக்கில் மின்னஞ்சலில் சண்டை போட்டு உருவாக்கிய திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, அரசு டாப் என்றும் டாம் என்றும் இரண்டு குறிமுறைகளை அறிவித்தது. ஒன்று போதாதா என்று கேட்கக்கூடாது. இந்த நாட்டில் கழகங்களும் ஒன்றோடு நின்றதில்லை. கடைசியில் எல்லாரும் யூனிகோடுக்கு வந்தார்கள். அது 1991-லேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தது. நம் எழுத்து முறைக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று ஒரு கட்சி வாதாடியது. 2010-இல் அரசாணை யூனிகோடையும் ஏற்றது, டேஸ்16 என்ற இன்னொன்றையும் ஏற்றது. மறுபடி இரண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மதுரைத் திட்டக்காரர்கள் வாய்பேசாமல் கோப்புகளை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். ஓலை நைந்ததும் புது ஓலையில் படியெடுத்த அதே ஏட்டுப்பிள்ளை வேலை. அவருக்கு நூற்றாண்டுக்கு ஒரு தடவை. இவர்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை.

யூனிகோடு மேலும் சில வேடிக்கைகளைச் செய்தது. தமிழ் எண்களில் ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரமும் முதலிலேயே இடம் பிடித்துவிட்டன. பூஜ்யத்துக்கு 2005 வரை இடமில்லை. முந்திரி, காணி, மா என்ற பின்னங்களுக்கும் ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்ற அளவுக் குறிகளுக்கும் 2019-இல்தான் கதவு திறந்தது. கொல்லிமலைச் சாமையைப் பதக்குக் கணக்கில் அளந்த தாத்தாக்கள் போய்ச் சேர்ந்த பிறகு பதக்குக்கு எண் கிடைத்தது. அதைக் காட்டும் எழுத்துரு உங்கள் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வெற்றுக் கட்டம் வரும்.

எப்படியோ, இன்றைக்குச் செம்மேட்டில் ஓரி குதிரைமேல் வில்லோடு நிற்கும் சிலைக்கு முன்னால் நிற்கிற பையன் நினைத்தால் அந்த மூன்று பாட்டையும் போனில் எடுத்துவிடலாம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, தலைசுற்றி, எலுமிச்சம்பழம் மோந்து வந்த பையன். சிக்னல் கிடைத்தால் எடுக்கலாம். பாண்டியராஜா செய்துவைத்த தொடரடைவில் ‘கொல்லி’ என்று தேடினால் சங்க இலக்கியத்தில் அந்தச் சொல் வருகிற அடிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வைதேகி ஹெர்பர்ட் ஹவாய்த் தீவில் உட்கார்ந்து சங்க நூல்கள் பதினெட்டையும் இங்கிலீஷில் பெயர்த்துவைத்திருக்கிறார். ஐயர் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் அலைந்து வருஷக்கணக்கில் செய்த ஒப்புநோக்கலில் ஒரு பகுதியைப் பையன் அன்னாசிப்பழத் துண்டுக்கு மிளகாய்ப் பொடி தூவி வருவதற்குள் செய்யலாம். செய்கிறானா? குதிரையோடு செல்பி எடுக்கிறான். அது ஓரி என்ற ஓரியா, குதிரை என்ற ஓரியா என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இத்தனை கதையிலும் ஒரு கூட்டம் வரவேயில்லை, கவனித்தீர்களா? மலையில் இருக்கிறவர்கள். ஓரி வந்தான், காரி வந்தான், சேரன் வந்தான், புலவர் வந்தார், ஐயர் வந்தார், சுவிட்சர்லாந்து வந்தது. கொல்லிமலையில் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டு, கதை, விடுகதை எதுவும் இந்தக் கோப்பில் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி, ஆளுக்கு ஒரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்று அவர்களே ஒரு கதை சொல்வார்கள். எந்த அண்ணன் எந்த மலை என்பதில் ஊருக்கு ஊர் மாற்றம் உண்டு. அந்த மாற்றங்கள்தான் கதை. அதை உட்கார்ந்து ஒப்புநோக்க இன்னொரு சாமிநாதையர் வரவில்லை. ரெக்கார்டரோடு ஏறுகிற ஆட்கள் அவ்வப்போது உண்டு. மூலிகை எங்கே, மருந்து எப்படி என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு இறங்குவார்கள். பதிவின் படி ஒன்றைப் பாடியவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர் அபூர்வம். காரி கொடுத்த மாதிரி மலையை எடுத்து வேறு யாருக்கோ கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது.

கொஞ்சம் உருப்படியாக நடந்தது தானியத்தில்தான். கொல்லிமலையில் சாமை என்றால் ஒரு சாமை அல்ல: கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று தனித்தனிப் பேர், தனித்தனிக் குணம், எது எந்த மழைக்கு என்று தனித்தனிக் கணக்கு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி நல்ல விலைக்குப் போக ஆரம்பித்ததும் சாமை ஒதுங்கியது. சாமையைக் குத்தி உமி நீக்குவது பெண்கள் தலையில் விழுந்த இடுப்பொடிக்கும் வேலை. அவர்களும் சந்தோஷமாகத்தான் கைகழுவினார்கள், கழுவியது நியாயமும்கூட. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் மலைக்குப் போய் விதை வங்கி வைத்தது, உமி நீக்கும் இயந்திரம் கொண்டுவந்தது, விதையோடு பேரையும் எழுதிவைத்தது. ஆனால் ஒன்று: சாமையைக் கணினியில் ஏற்றிவிட்டால் சாமை பிழைக்காது. வருஷா வருஷம் மண்ணில் விதைக்க வேண்டும். பாட்டும் அப்படியே பாடப்பட வேண்டும் என்று மேடையில் பேசுவோர் உண்டு. அது உண்மைதான், ஆனால் பாடுகிற பாட்டி போகிற வேகத்துக்கு முதலில் ஒரு படி எடுத்துவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆகவே அடுத்த ஆடிக்கு மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குதிரையோடு படம் எடுத்த பிறகு போனில் மிச்சம் இருக்கிற சார்ஜில் ஒரு பாட்டியின் பாட்டையோ, ஒரு தாத்தாவின் கதையையோ பிடியுங்கள். முதலில் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். பேர், ஊர், தேதி மூன்றையும் அந்தப் பதிவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். புறநானூற்றைத் தொகுத்தவர் மாதிரி அனாமதேயமாக விடவேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று, பத்திரம் என்று நினைக்காதீர்கள். போன் தண்ணீரில் விழுந்தால் அது ஆடிப்பெருக்குதான். மூன்று இடத்தில் படி வையுங்கள், அதில் ஒரு இடம் பாடியவர் வீட்டுப் பேரப்பிள்ளையின் போனாக இருக்கட்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவையுங்கள். மதுரைத் திட்டத்துக்கும் தட்டச்சு செய்ய, பிழை திருத்த ஆள் தேவை. சம்பளம் கிடையாது, யானையும் கிடையாது.

கடைசியாக, புறநானூற்றின் 267, 268-ஆவது பாட்டுகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து உடனே தெரிவிக்கவும். ஓலையாகவே கொடுத்தாலும் சரி, தட்டச்சு செய்து யூனிகோடில் அனுப்பினாலும் சரி. பாமினியில் மட்டும் அனுப்ப வேண்டாம்.